மதுரை வெயிலில் ஒரு மியூரா: 1:18 மாடலை வைப்பதும் துடைப்பதும்

1966 ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான லம்போர்கினி மியூரா கார், 1:18 மாடலில் (அசலில் பதினெட்டில் ஒரு பங்கு) சுமார் 24 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரம். பெட்டியைப் பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது டைகாஸ்டா (துத்தநாகக் கலவையில் வார்த்த உலோகம்) ரெசினா (பிளாஸ்டிக் போன்ற செயற்கைப் பிசின் வார்ப்பு) என்பதைத்தான். கதவும் முன் பின் மூடிகளும் திறந்து, கையில் கனத்தால் பெரும்பாலும் டைகாஸ்ட். எதுவுமே திறக்காவிட்டால் ரெசினாக இருக்கலாம். ரெசினுக்கு வெயில் ஆகாது. சூட்டில் இளகி வளையும்.

அதனால் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டாம். சித்திரை, வைகாசியில் தளம் குடித்த சூடு ராத்திரியிலும் இறங்காது. கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத சுவரோரம் வையுங்கள். அடுப்படிக்குப் பக்கமும் வேண்டாம். தாளிக்கிற புகை தூசியோடு சேர்ந்தால் பிசுக்காகிவிடும், பிரஷ்ஷுக்கு மசியாது. அலமாரியில் பாச்சா உருண்டை இருந்தால் எடுத்துவிடுங்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

அக்ரிலிக் பெட்டி செய்யக் கொடுத்தால் உள்ளளவு 32×16×12 செ.மீ. போதும். கதவு, மூடி எல்லாம் திறந்து காட்ட ஆசையென்றால் அகலம் 24, உயரம் 18. மூலைகளை சிலிக்கானால் ஒட்டியிருந்தால் மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசெட்டிக் அமிலம் வெளியேறுகிறது என்று அர்த்தம்; அது டைகாஸ்டின் துத்தநாகக் கலவையை அரிக்கும். வாடை அறவே போகும்வரை திறந்து போடுங்கள், வண்டியை உள்ளே வைக்காதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது டயரில். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் டயரிலிருந்து பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்) கசிந்து, அக்ரிலிக் மேடையில் எண்ணெய்ப் பசையாக நான்கு தடம் விழும். அப்புறம் டயரே ஒட்டிக்கொள்ளும். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஓஹெச்பி ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) 2 செ.மீ. சதுரமாக நறுக்கி ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் வையுங்கள். இன்னும் நல்லது, அடித்தட்டுக்குக் கீழே சின்ன அக்ரிலிக் கட்டை கொடுத்துப் பாரத்தை டயரிலிருந்து எடுத்துவிடுவது.

துடைக்கத் துணியை எடுக்காதீர்கள். முதலில் கேமராவுக்கு அடிக்கிற ரப்பர் புளோயர், பிறகு மெல்லிய மேக்கப் பிரஷ். முகப்பு விளக்கைச் சுற்றி இமைமுடி போல நிற்கும் கம்பிகளில் (பி400, எஸ் ரகங்களில் இருக்கும்) துணி நூல் ஒன்று சிக்கினால் போதும், இமை கையோடு வந்துவிடும். இன்ஜினுக்கு மேலே இருக்கும் கறுப்புப் பட்டைகளுக்கிடையே பிரஷ்ஷைப் பட்டை போகும் வாக்கிலேயே இழுங்கள், குறுக்கே வேண்டாம். விரல் ரேகை இருந்தால் மட்டும் மைக்ரோஃபைபர் துணி, அதுவும் பெயின்ட் பரப்பில் மட்டும், டிஸ்டில்ட் வாட்டர் தொட்டு. போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாக உப்பு பூக்கும். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, தின்னர் பக்கமே போகாதீர்கள். தெளிவான பிளாஸ்டிக்கில் முடிபோல விரிசல் விடும்.

தூக்கும்போது கதவுக்குக் கீழே இருபுறமும் பிடியுங்கள். சைடு மிரர் விழுந்தால் சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி ஜன்னலிலும் குரோமிலும் வெண்படலமாகப் படிந்துவிடும். மரவேலைக்கான வெள்ளைப் பசையை ஊசிமுனை அளவு வைத்து, மாஸ்கிங் டேப்பால் தாங்கி, ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.