நல்ல ஒயின், கட்டுப்படியாகும் விலை: மலையில் நாம் செய்கிற தவறுகள்

குன்னூரில் முப்பது வருடமாகத் தேயிலை ருசி பார்ப்பதுதான் என் வேலை. நீள மேஜை, வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் அளந்து போட்ட தூள், கொதிநீர், 5 நிமிடம். அப்புறம் ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். எஸ்டேட் பெயரைப் பார்த்துவிட்டுக் கோப்பையைத் தொடாதே, பெயர் நாக்கை ஏமாற்றிவிடும் என்பார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்.

ஒயின் மேல் எனக்கு ஆசை வந்ததும் அந்த மேஜையில்தான். துவர்ப்பு, புளிப்பு, வாசனை, விழுங்கிய பிறகு வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இரண்டுக்கும் பார்க்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றே. அதனால் சீசனுக்கு மலையேறி வரும் சொந்தக்காரர்கள் எல்லாம் என்னிடம் கேட்பார்கள்: "ஆயிரம் ஆயிரத்து ஐநூறுக்குள்ள நல்ல ஒயின் எது, பேரு மட்டும் சொல்லுங்க." தவறு அந்தக் கேள்வியிலேயே தொடங்குகிறது. பெயருக்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. பாட்டிலில் எப்போது அடைத்தார்கள்? இத்தனை நாள் அது எங்கே நின்றது?

நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்று சொல்கிறோம். அங்கே பெட்டி பெட்டியாகப் போவது பிராந்தி. ஒயின் மேல் தட்டில் ஓர் ஓரமாக நிற்கும். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்றால் பெரிது. சில பாட்டில்களைக் கையில் எடுத்தால் விரல் தடம் தூசியில் பதியும். 'பழைய ஒயின்தான் நல்ல ஒயின்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் அந்தத் தூசியைப் பார்த்து மகிழ்ந்துபோகிறார்கள். வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கும் ஒயின்கள் உலகத்தில் இருக்கின்றன, அவை சிறுபான்மை, விலையும் வேறு. நாம் வாங்கும் விலையில் கிடைப்பவை எல்லாம் சீக்கிரம் குடிப்பதற்கென்றே செய்தவை. வெள்ளை ஒயினும், ரோஸ் என்கிற இளஞ்சிவப்பு ஒயினும் அறுவடையிலிருந்து இரண்டு வருடத்துக்குள், சாதாரண சிவப்பு மூன்று, நான்கு வருடத்துக்குள் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

எங்கள் நீலகிரித் தேயிலையும் அப்படித்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனியில் மெதுவாக வளர்ந்த கொழுந்துக்கு ஒரு பூ வாசனை உண்டு. அதையே டப்பாவில் போட்டு அடுத்த மழைக்காலம் தாண்டி எடுத்துப் பாருங்கள், நிறம் இருக்கும், வாசனை போயிருக்கும்.

ஆகவே லேபிளைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ஒரு வருடம் போட்டிருந்தால் அது திராட்சை பறித்த வருடம். ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. நாசிக்கிலும் நந்தி மலைப் பக்கத்திலும் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். அதனால் ஒரே வருடம் போட்ட இந்தியப் பாட்டில் ஐரோப்பியப் பாட்டிலைவிட அரை வருடம் மூத்தது. வருடமே போடாத மலிவு பாட்டில்களில், பின்பக்கம் பொடி எழுத்தில் அடைத்த மாதம் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படியுங்கள். ஒயிட் ஒயின் என்றால் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறத்தையும் பார்க்கலாம். வைக்கோல் போன்ற வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது, ஆறிப்போன வரக்காப்பி மாதிரி பழுப்பாகத் திரும்பியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது நின்ற இடம். ஒயினுக்கு வெயிலும் சூடும் ஆகாது. மஹாராஷ்டிரத்தில் ஏற்றிய பெட்டி சமவெளி முழுக்கக் கடந்து, மேட்டுப்பாளையத்தில் சித்திரை வெயிலில் காய்ந்து, அப்புறம்தான் மலையேறுகிறது. மேலே வந்த பிறகு ஊர் குளிர்ச்சிதான், ஆனால் வரும் வழியில் வெந்துபோன ஒயின் ஊட்டிக் குளிரில் திரும்பப் பிழைக்காது. இதற்குச் சில அடையாளங்கள் உண்டு. தக்கை கழுத்துக்கு மேலே கொஞ்சம் தள்ளிக்கொண்டு நிற்கும். கழுத்து ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒரு கோடு காய்ந்திருக்கும். ஒரே வகை பாட்டில்கள் வரிசையாக நிற்கும்போது ஒன்றில் மட்டும் அளவு குறைந்திருக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் எடுக்காதீர்கள். ஜன்னல் ஓரத்திலோ டியூப் லைட்டுக்கு நேர் கீழேயோ நிற்கும் பாட்டிலையும் நான் தொடுவதில்லை. நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வரும் வெள்ளையும் ரோஸும் வெளிச்சத்தில் சீக்கிரம் கெடும். "அண்ணா, பெட்டிக்குள்ள இருக்கறதுல ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பெயருக்கு மயங்குவது அடுத்த தவறு. பணம் அதிகம் வீணாவது இதில்தான். இறக்குமதி ஒயினுக்கு இந்தியாவில் சுங்க வரி நீண்ட காலமாக 150 சதவீதம். துறைமுகத்தில் வந்திறங்கும்போது 400 ரூபாய் மதிப்புள்ள பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்கம் மட்டும் 600. அதற்கு மேல் மாநில வரி, லாரி வாடகை, இடையில் இருப்பவர்களின் லாபம். இரண்டாயிரம் கொடுத்து வாங்கினாலும் உள்ளே இருப்பது அந்த 400 ரூபாய் ஒயின்தான். ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தத்தால் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து அந்நாட்டு ஒயினுக்கு வரி ஓரளவு குறைந்திருக்கிறது, அதுவும் குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட பாட்டில்களுக்குத்தான். அதே பணத்துக்கு நாசிக்கின் சுலா, சோலாப்பூர் பக்கத்து ஃப்ராட்டெல்லி, பெங்களூர் நந்தி மலையடியின் குரோவர் போன்றவர்களின் நடுத்தர ஒயினை எடுத்தால் கோப்பைக்குள் வரும் தரம் கூடுதல். சுலா தொடங்கியது 1999-ல். இந்த இருபத்தைந்து வருடத்தில் நம் ஊர் ஒயின் எவ்வளவோ தேறிவிட்டது. அதைக் கவனிக்காமல் 'இந்தியன்தானே' என்று ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்காக இந்திய ஒயின் என்று எழுதியிருப்பதெல்லாம் நல்லது என்றும் சொல்லமாட்டேன். 'போர்ட்' என்ற பெயரில் மிகக் குறைந்த விலைக்கு விற்பதைத்தான் நிறையப் பேர் முதல் ஒயினாகக் குடிக்கிறார்கள். உண்மையான போர்ட் போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் செய்வது. இங்கே அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் சர்க்கரைத் தித்திப்பு. அதைக் குடித்துவிட்டு ஒயின் என்றாலே இருமல் மருந்து மாதிரிதான் என்று முடிவுகட்டியவர்கள் என் வீட்டிலேயே உண்டு. இனிப்பு பிடிக்கும் என்றால் தப்பில்லை, லேசான இனிப்போடு வரும் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை வாங்குங்கள். காரத்துக்கும் அது ஒத்துப்போகும். பள்ளிபாளையம் சிக்கனையோ மிளகு வறுவலையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு துவர்ப்பான ரெட் ஒயின் குடித்தால் காரம் இரண்டு மடங்காகத் தெரியும், ஒயின் கசக்கும். குற்றம் ஒயினுடையது என்று நினைப்போம். டீயை அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் நாக்கு வறண்டு ஒட்டுகிறதே, சிவப்பு ஒயினின் துவர்ப்பும் அந்த ஜாதிதான். டீக்குப் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குகிற மாதிரி, ரெட் ஒயினின் துவர்ப்பைச் சீஸ் அடக்கும். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் வாங்கினால் கூடவே கொடைக்கானல் சீஸ் ஒரு துண்டு வாங்கிப் பாருங்கள்.

இனி 'ஹோம் மேட்' ஒயின். மலைக்கு வருகிறவர்கள் தேடித் தேடி வாங்குவது இதைத்தான், இதில்தான் எனக்குக் கவலை அதிகம். குன்னூர், வெலிங்டன் பக்கம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பீங்கான் ஜாடியில் கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, கிராம்பு, பட்டை போட்டு ஊறவைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் பழையது. அதன் வாசனை தெரிந்தவள் என்பதால்தான் சொல்கிறேன்: சாலையோரத்தில் அந்தப் பெயரில் விற்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நம்பாதீர்கள். என் தம்பி ஒருமுறை மே மாதச் சீசனில் வரும் வழியில் ஒன்று வாங்கி வந்தான். ஏற்கெனவே வேறு எதற்கோ பயன்பட்ட பாட்டில், வீட்டில் அச்சடித்த லேபிள், தேதி கிடையாது, ஆல்கஹால் அளவு கிடையாது. மூடியைத் திருகியதும் டப்பென்று நுரை பொங்கி மேஜை விரிப்பு நனைந்தது. உள்ளே இன்னும் நொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. முகர்ந்தால் முதலில் வினிகர், அதன் பின்னால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. அடியில் சர்க்கரை கெட்டியாக நின்றது. அப்படியே கீழே ஊற்றிவிட்டோம். அப்படி வெடித்து நுரைக்கும் பாட்டிலைக் காரின் பின்சீட்டில் வைத்துச் சமவெளிச் சூட்டுக்குக் கொண்டுபோனால் கண்ணாடியே சிதறலாம். போதை ஏறட்டும் என்று வேறு எதையாவது கலந்திருந்தால் நமக்குத் தெரிய வழியே இல்லை. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். பன்னீர் திராட்சை மேல் ஆசை என்றால் பழமாகவே வாங்கிச் சாப்பிடலாம். புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஈடு கிடையாது.

மருந்து என்று நினைத்து வாங்குவதையும் விட்டுவிட வேண்டும். தோல் பளபளக்கும், ரத்தம் ஊறும், கர்ப்பிணி குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்றெல்லாம் இன்னும் சொல்கிறார்கள். கர்ப்பக் காலத்தில் ஒரு சொட்டும் கூடாது. 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் ஒரு முழுப் பாட்டிலில் 75 கிராமுக்கு மேல் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. மது எந்த அளவிலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலை. ருசிக்காகக் குடிக்கிறோம் என்ற தெளிவோடு, சாப்பாட்டோடு, கொஞ்சமாக. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தாவது, அன்றைக்கு வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

கனமான பாட்டில், அடியில் ஆழமான குழி, தங்க நிற முத்திரை இவற்றுக்கெல்லாம் ருசியோடு தொடர்பில்லை. திருகு மூடி என்றால் மட்டம் என்று நினைப்பதும் தப்பு. நியூஸிலாந்தில் பெரும்பாலான ஒயின் திருகு மூடியில்தான் வருகிறது. தக்கையால் சில பாட்டில்களில் ஏறும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை இதில் வராது. எனக்கு விருப்பம் திருகு மூடிதான்.

வாங்கிய நல்ல ஒயினை வீட்டில் கெடுப்பதும் நடக்கிறது. ரெட் ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாறு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கோயம்புத்தூர்க்காரர்கள் 32 டிகிரியில் ஊற்றுகிறார்கள். அந்த அறை பழைய ஐரோப்பியக் கல்வீடு, 16 முதல் 18 டிகிரி. சமவெளியில் இருப்பவர்கள் சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும். மலையில் நமக்கு இயற்கையே அதைச் செய்கிறது. வடக்குப் பார்த்த அறையில், கம்பளி வைக்கும் மர அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தெர்மாமீட்டர் போட்டு வைத்திருக்கிறேன். ஜனவரியில் 15, ஏப்ரல் கடைசியில் 21. தக்கை போட்ட பாட்டிலை அங்கே படுக்கவைக்கிறேன், தக்கை காயாமல் இருக்கும். குளிர்கால இரவில் எங்களுக்கு நேர்மாறான சிக்கல்: சிவப்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்து வாசனையே எழாது. கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்குள் ஐந்து நிமிடம் வைத்திருந்தால் மெல்ல மிளகு வாசனை வரத் தொடங்கும். அது ஷிராஸில் மிக அழகாக இருக்கும். வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி, அதில் ஐஸ் கட்டி போடாதீர்கள். மிச்சம் இருந்தால் சிறிய பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும்.

பெங்களூரில் மலிவு என்று கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா வழியாக டிக்கியில் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று: வெளிமாநிலச் சரக்கு சோதனைச் சாவடியில் சிக்கினால் மிச்சம் பிடித்த இருநூறு ரூபாயைவிடத் தலைவலி பெரிது. இங்கேயே எம்ஆர்பி பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள்.

பாட்டிலுக்கு மேலே 10 ரூபாய் கூடக் கேட்டால் நீலகிரியில் அது வைப்புத்தொகை. காட்டுக்குள் வீசிய பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்பதால், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2022 மே மாதம் முதன்முதலில் எங்கள் மாவட்டத்தில்தான் இந்தத் திட்டம் வந்தது. காலிப் பாட்டிலை ஸ்டிக்கர் கிழியாமல் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கைக்கு வரும். நான் ஐந்தாறு சேர்ந்ததும் மஞ்சப்பையில் செய்தித்தாள் சுற்றி அடுக்கி, மார்க்கெட் போகும் நாளில் கொடுத்துவிட்டு வருகிறேன்.