காம்ரேட்ஸ் ஓட்டத்துக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடுவதுதான் காம்ரேட்ஸ். 1921ஆம் ஆண்டு நடந்த முதல் காம்ரேட்ஸ் மாரத்தானில் 34 பேர் புறப்பட்டு 16 பேர்தான் முடித்தார்கள். இந்தியர், கறுப்பினத்தவர், பெண்கள் ஆகியோருக்கு 1975இல்தான் முறைப்படி கதவு திறந்தது. அதனால்தான் டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் விடியுமுன் ஓடும் நம்மவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. அவர்களில் சிலர் ஏப்ரலில் முழங்காலில் கட்டுடன் நொண்டுவதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. அந்த நொண்டல் பெரும்பாலும் ஜனவரியில் குறித்துக்கொண்ட இலக்கிலேயே தொடங்கிவிடுகிறது.

முதல் தவறு, பதக்கத்தைப் பார்த்து இலக்கு வைப்பது. 9 மணி நேரத்துக்குள் முடித்தால் பில் ரோவன் பதக்கம், 10 மணிக்குள் ராபர்ட் ம்ட்சாலி, 11 மணிக்குள் வெண்கலம், 12 மணிக்குள் விக் கிளாப்பம். ம்ட்சாலி 1935இல் அதிகாரபூர்வ எண் இல்லாமலே இந்தத் தூரத்தை ஓடி முடித்தவர். அவர் பெயர் பொறித்த பதக்கத்தை யாருக்குத்தான் ஆசைப்படத் தோன்றாது? ஆனால் ஆசை வேறு, கணக்கு வேறு. நான்கு மணி நேரத்தில் வழக்கமான 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓடியவர் அதை இரண்டால் பெருக்கி, மீதிக் கிலோமீட்டர்களுக்கு அரை மணி சேர்த்து, பில் ரோவன் கையில் இருப்பதாக நம்பிவிடுகிறார். உண்மையில் நன்றாகப் பயிற்சி செய்தவருக்கே மாரத்தான் நேரத்தைப் போல இரண்டேகால் மடங்கு ஆகும். மலைப் பயிற்சி குறைவாக இருந்தால் இரண்டரையைத் தொடும், தாண்டவும் செய்யும். அப்படிப் பார்த்தால் இவர் 9 மணியிலிருந்து 10 மணிக்குள் வரக்கூடியவர். இல்லாத வேகத்துக்குப் பயிற்சி செய்தால் உடல் மார்ச் மாதத்திலேயே கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

மூன்று இலக்குகள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. எல்லாம் கூடிவந்தால் ஒன்று, சாதாரண நாளுக்கு ஒன்று, வயிறு புரட்டி வெயிலும் ஏறிவிட்ட நாளுக்கு ஒன்று. மூன்றாவது இலக்கு 12 மணிக்குள் எல்லைக்கோட்டைத் தொடுவதாக இருக்கட்டும். கிலோமீட்டருக்குச் சுமார் எட்டு நிமிடம். நடையும் ஓட்டமும் கலந்தே அதைச் செய்யலாம். சாலையில் ‘பஸ்’ என்று அழைக்கப்படும் கூட்டங்கள் ஒரு தலைவரின் பின்னால் அப்படித்தான் போகின்றன. முதல் இலக்கு கைநழுவியதும் ஓட்டத்தையே விட்டுவிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது இலக்கு என்ற ஒன்றே இருந்ததில்லை.

அடுத்தது, இன்னொருவருடைய பயிற்சி அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்வது. நம் வீட்டு நாட்காட்டி அதில் இருக்காது. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர் அந்த நாட்களில் நீண்ட ஓட்டம் வைத்தால் உடல் தேறாது. கோடை வெயிலில் கொதிக்கும் தாரில் வெறுங்காலுடன் நடந்த மறுநாள் 30 கிலோமீட்டர் ஓடுவது கொப்புளத்தைப் புண்ணாக்கும். புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயிலில் தீமிதிப்பவருக்கும் இதுவே. நேர்த்திக்கடனை விடச் சொல்லவில்லை. அந்த வாரத்தை ஓய்வு வாரமாக முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பின்னால் தவறவிட்டதைப் பிடிக்க ஓடும் பதற்றம் இருக்காது. தவறவிட்ட கிலோமீட்டர்களை அடுத்த வாரத்தில் திணிப்பதுதான் காயத்துக்கு நேர்வழி.

நீண்ட ஓட்டத்தை வேகமாக ஓடுவதும் அப்படித்தான். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாது, இதயத் துடிப்பு ஏறும். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை அப்போது மறந்துவிட்டு, பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓட்டத்தின் திசை வழக்கமாக ஆண்டுக்கு ஆண்டு மாறும். டர்பனை நோக்கி வருவது ‘டவுன் ரன்’ என்றதும் சுலபம் என்று நினைப்பவர்கள் பலர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம்; ஆனாலும் இன்சாங்காவும் போத்தாஸ் ஹில்லும் வழியில் ஏறத்தான் வேண்டும். அதன்பின் பைன்டவுனை நோக்கி ஃபீல்ட்ஸ் ஹில் செங்குத்தாக இறங்குகிறது. அப்போது கால்களில் அறுபதுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் சேர்ந்திருக்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுருங்கி ஒவ்வொரு அடியையும் பிரேக் போலத் தாங்குகிறது. தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுவது அப்போதுதான். மூச்சு நன்றாக இருக்கும், கால் மடங்காது. இதற்கு மருந்து இறக்கத்தில் பயிற்சி செய்வதுதான். சில முறை அளவோடு இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும். கடைசி இறக்கப் பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் இடையே மூன்று வாரம் விடுங்கள்.

பந்தய நாளில் உயிரோடு விளையாடும் தவறுகள் இரண்டு. ஒன்று, வழியில் வரும் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பது. நீண்ட ஓட்டங்களில் அளவுக்கு மீறிக் குடித்தவர்களின் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததை 1985இல் வெளியிட்டு எச்சரித்தவர்கள் டிம் நோக்ஸும் அவருடன் பணியாற்றிய தென்னாப்பிரிக்க மருத்துவர்களும்தான். தாகம் எடுத்தால் குடியுங்கள். வழியில் தரும் உப்பிட்ட உருளைக்கிழங்கு நல்லதுதான். ஆனால் அதிகம் குடித்த தண்ணீரை அது சரிசெய்துவிடாது. விரல்கள் வீங்கி, தலைவலியும் குமட்டலும் குழப்பமும் வந்தால் இன்னும் குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள்.

இரண்டாவது, வலி மாத்திரை. ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கின்றன. உடலில் நீர் வற்றி, சிதைந்த தசையின் கழிவும் இரத்தத்தில் கலந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கலாம். பந்தயத்துக்கு முந்தைய நாளும், ஓடும்போதும், முடிந்த அன்று இரவும் அதைத் தொடாதீர்கள். மறுநாள் சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனாலோ, போகவே இல்லை என்றாலோ பதக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.