பழைய ஜான்சன் 5.5 அவுட்போர்ட்: ஓட வைத்த பிறகு பெயின்ட்

அவுட்போர்ட் என்பது படகின் பின்புறம் மாட்டும் மோட்டார். 1950-களில் அமெரிக்காவில் வந்த ஜான்சன் சீஹார்ஸ் 5.5 ஹெச்பி, எவின்ரூட் ஃபிஷர்மேன் 5.5 இரண்டும் ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். வெளி மூடியும் பெயரும்தான் வேறு, உள்ளே ஒரே இன்ஜின். காயில் (பொறிக்கு கரன்ட் தரும் சுருள்), பாயிண்ட் (அந்தக் கரன்ட்டைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் தொடுமுனை), இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம்) எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைப்பதால், பழகிக்கொள்ள நல்ல மோட்டார்.

1. கம்ப்ரெஷன்

எடுத்த எடுப்பில் கயிற்றை இழுக்காதீர்கள், ஒட்டிப்போன ரிங் உடையும். பிளக் இரண்டையும் கழற்றி, ஓட்டைக்கு ஒரு டீஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். பிறகு மேக்னட்டை (இன்ஜின் மேலுள்ள காந்தச் சக்கரம், ஃப்ளைவீல்) கையால் வலப்பக்கமாகச் சுற்றுங்கள். இலகுவாகச் சுற்றினால் த்ராட்டிலை முழுதாகத் திறந்து, பிளக் ஓட்டையில் கம்ப்ரெஷன் கேஜ் மாட்டி நாலைந்து முறை கயிற்றை இழுங்கள். 60 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டி, இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் செலவு செய்யலாம். ஒன்று 70, மற்றது 40 என்றால் ரிங்கோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் வேறு எதிலும் காசு போடாதீர்கள்.

2. கரன்ட்

'செத்துப்போன' மோட்டார்களில் பாதிக்கு மேல் நோய் இங்கேதான். மேக்னட்டின் நடு நட்டை எடுத்துவிட்டு, அதன் மேலுள்ள மூன்று மரை ஓட்டைகளில் போல்ட் மாட்டும் புல்லரால் தூக்குங்கள். விளிம்பில் கொக்கி போடும் புல்லர் மேக்னட்டை வளைத்துவிடும்.

கீழே இரண்டு காயில் இருக்கும். உறையில் வெடிப்பு இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள், கண்டென்சரையும் சேர்த்து. புதுக் காயிலின் இரும்புக் கால், தட்டில் கடைந்துவிட்ட மேட்டின் விளிம்போடு விரலுக்குத் தட்டாத மட்டத்தில் நிற்க வேண்டும். வெளியே துருத்தினால் மேக்னட் உரசும், உள்ளே போனால் கரன்ட் பலவீனமாகும்.

பாயிண்ட் அதிகபட்சம் திறக்கும் இடத்தில் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது 0.5 மிமீ. அளந்த பிறகு, ஸ்பிரிட்டில் நனைத்த கெட்டிக் காகிதத்தை பாயிண்ட் நடுவே விட்டு இழுங்கள். ஃபீலர் கேஜில் இருந்த எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தாலே கரன்ட் வராது. பலர் புதுக் காயிலைக் குறை சொல்வது இதனால்தான்.

மேக்னட் உட்காரும் கூம்பைத் துடைத்துக் காயவிட்டு, நட்டை 40 அடி-பவுண்டுக்கு முறுக்குங்கள். தளர்ந்திருந்தால் மேக்னட்டை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டு (சாவி) அறுந்து டைமிங் போய்விடும். 6 மிமீ இடைவெளியை நீலப் பொறி தாண்டினால் போதும். பிளக் சாம்பியன் ஜே6சி, இடைவெளி 0.030 அங்குலம்.

3. கார்ப்பரேட்டர்

பழைய கார்க் மிதவையைத் தூக்கிப் போடுங்கள். அதன் மேல் பூசிய அரக்கு எத்தனாலில் கரையும். இந்தியாவில் இப்போது பங்கில் கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு அது தாங்காது. பிளாஸ்டிக் மிதவை போட்டு, கவிழ்த்துப் பார்க்கும்போது அது விளிம்புக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ஸ்லோ ஊசியை மெதுவாக அடிவரை மூடி ஒன்றரைச் சுற்றும், ஹை ஸ்பீடு ஊசியை ஒரு சுற்றும் திறந்து வையுங்கள். அழுத்தி மூடினால் ஊசி முனையில் பள்ளம் விழும்.

4. தண்ணீர், கியர் ஆயில்

இம்பெல்லரை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றுங்கள். ஷாஃப்ட்டை வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே பம்பின் கூட்டுக்குள் இறக்கினால் இறக்கைகள் சரியான பக்கம் மடியும். கியர் ஆயில் பால் நிறமாக வந்தால் சீல் போய்விட்டது. புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக, மேல் ஓட்டையில் வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும்.

5. டேங்க்

இரட்டை ஹோஸ் உள்ள மாடலில் இன்ஜினே காற்றை அனுப்பி டேங்கை அழுத்தும். மூடியின் கேஸ்கெட் கசிந்தால் அழுத்தம் ஏறாது, பெட்ரோலும் மேலே வராது. டயாஃப்ரம் பெட்ரோல் பம்புக்கு மாற்றலாம். ஆனால் பம்புக்கு ஒரே சிலிண்டரின் கிராங்க்கேஸிலிருந்து தள்ளலும் இழுப்பும் மாறி மாறி வர வேண்டும். பழைய ஒருவழி வால்வை விட்டுவைத்தால் தள்ளல் மட்டுமே வரும், பம்ப் அசையாது.

6. ஓட்டிப் பார்த்தல்

கலவை 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்: லிட்டருக்கு 42 மில்லி. படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 (TC-W3) ஆயில்தான், பைக் ஆயில் வேண்டாம். உள்ளே புஷ் பேரிங் இருப்பதால் 50-க்கு 1 இதற்குப் பற்றாது.

புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு மூழ்கும் அளவு டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போதைய மோட்டார் மாதிரி தனிக் குழாயில் தண்ணீர் பீய்ச்சாது; மோட்டார் காலின் பின்புறத் துளையில் புகையோடு தெறிக்கும். ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்றால் உடனே நிறுத்துங்கள்.

கார்ப்பரேட்டர் தும்மினால் பெட்ரோல் குறைவு, ஸ்லோ ஊசியைக் கால் சுற்றுக்குள் திறங்கள். ஹை ஸ்பீடு ஊசியை டிரம்மில் தொடாதீர்கள், படகில் லோடோடு ஓடும்போதுதான் அது சரியாக அமையும்.

அதன் பிறகு பெயின்ட். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் அடிக்காமல் எனாமல் அடித்தால் உரிந்துவிடும்.