தாத்தா எத்தன மணிக்கு மீன் பிடிப்பாரு? ஸ்பானிஷ் வினைச்சொல்லுல நாம விடுற தப்புகள்

ரெண்டு வருஷம் முன்னாடி கன்னியாகுமரியில பாறைக்குப் போற போட்டுக்கு லைன்ல நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கு முன்னாடி சிலி நாட்டுக்காரங்க, புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ஸ்பானிஷ்ல பேசிட்டு நிக்காங்க. நமக்கு அப்பதான் ஆன்லைன்ல எட்டு மாசம் ஸ்பானிஷ் படிச்ச திமிரு, சும்மா நிக்க முடியுமா, போய் பேச்சு குடுத்தேன். பேரு ஊரெல்லாம் முடிஞ்சதும் கடலக் காட்டி "எங்க தாத்தா இங்கதான் மீன் பிடிப்பாரு"ன்னு சொல்லணும்னு ஆச. வாயில வந்தது "மி அபுவேலோ பெஸ்கரா ஆக்கி". அந்தம்மா நல்லா சிரிச்சு தலையாட்டிட்டு "ஆ கே ஓரா?"ன்னு கேட்டாங்க. எத்தன மணிக்குன்னு! தாத்தா செத்து அப்பவே பன்னெண்டு வருசம்.

பெஸ்கார்னா மீன் பிடிக்கிறது. பெஸ்கரான்னா 'இனிமே பிடிப்பாரு', வருங்காலம். நான் சொல்லியிருக்க வேண்டியது பெஸ்காபா. வீட்டுக்கு வந்து நோட்ட எடுத்துப் பாத்தா பெஸ்காபாவும் அதுல இருக்கு, டேபிள் மொத்தமும் எனக்கு மனப்பாடம், பரீட்சை வச்சா நூத்துக்கு நூறு. பொறவு ஏன் தப்பு வந்துச்சுன்னு யோசிச்சப்பதான் ஒண்ணு புரிஞ்சது, நான் படிச்சது இங்கிலீஷ் வழியா, ஆனா வாயத் தொறக்கும்போது மூளை தமிழ்லதான் ஓடுது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நம்ம தப்பு முக்காவாசியும் நடக்குது.

தமிழ்ல 'பிடிப்பாரு'ங்கிற ஒரே சொல்லு எத்தன வேல பாக்குதுன்னு பாருங்க. "நாளைக்கு பிடிப்பாரு", இது வருங்காலம், ஸ்பானிஷ்ல பெஸ்கரா. "தெனமும் காலம்பற பிடிப்பாரு", ஆளு உசுரோட இருக்காரு, இன்னைக்கும் போறாரு, இது ஸ்பானிஷ்ல சாதா நிகழ்காலம், பெஸ்கா. "அப்பல்லாம் கட்டுமரத்துல போய்ப் பிடிப்பாரு", இது பழைய காலத்துப் பழக்கம், அதுக்குத்தான் பெஸ்காபா. நாம மூணுக்கும் ஒரே உருவத்த வச்சுக்கிட்டு 'நாளைக்கு', 'தெனமும்', 'அப்பல்லாம்'ங்கிற சொல்ல வச்சு சமாளிச்சிருவோம். ஸ்பானிஷ்காரன் வினைச்சொல்லோட வாலப் பாத்துத்தான் காலத்தப் புரிஞ்சுக்கிடுவான், வாலு மாறிச்சுன்னா செத்தவரு நாளைக்கு வலை எடுத்துட்டுப் போவாரு. அதனால 'ப்பாரு', 'வாரு', 'வேன்'னு மனசுல வந்தா ஒரு நிமிசம் நில்லுங்க, இது இனிமேவா, எப்பவுமேவா, அப்பவான்னு கேட்டுட்டு பொறவு வாயத் தொறங்க. இங்கிலீஷ் வழியா போறவங்களுக்கு இதே இடத்துல வேற குழி இருக்கு, அவங்க 'வுட்' போட்டு யோசிச்சு பெஸ்கரியான்னு சொல்லிருவாங்க, அதுக்கு 'முடிஞ்சா பிடிப்பாரு' மாதிரி அர்த்தம் ஆயிரும்.

ஒரே ஒரு இடத்துல நம்ம தமிழ் மூளைய அப்படியே நம்பலாம். "அவரு இப்ப வீட்டுல இருப்பாரு"ன்னு ஊகமா சொல்லுவோம்லா, ஸ்பானிஷ்லயும் அதுக்கு வருங்காலம்தான், "எஸ்தரா என் காசா". இத இங்கிலீஷ் வழியா படிக்கிறவனுக்கு வெளக்க ஒரு கிளாஸே எடுக்கணும், நமக்கு ஒரு வரி போதும்.

சரி, முடிஞ்சுபோன காலத்துக்கு வருவோம். "பிடிச்சாரு"க்கு பெஸ்கோ, கடைசி எழுத்துல அழுத்தி. "பிடிச்சுட்டு இருந்தாரு"க்கு பெஸ்காபா. இது வரைக்கும் எல்லாருக்கும் புரியுது, தப்பு எங்க வருதுன்னா ரொம்ப காலம் நடந்த விசயம்னா பெஸ்காபாதான் போடணும்னு ஒரு நெனப்பு. அப்படி இல்ல. "தாத்தா நாப்பது வருசம் மீன் பிடிச்சாரு"ன்னா நாப்பது வருசத்தையும் ஒரு மூட்டையாக் கட்டி முடிஞ்சிட்டுன்னு சொல்றோம், அதுக்கு பெஸ்கோ. "தாத்தா மீன் பிடிச்சுட்டு இருந்தப்ப மழ வந்துட்டு"ன்னா அஞ்சே நிமிசம் நடந்திருந்தாலும் பெஸ்காபாதான். நேரம் எவ்வளவுங்கிறது கணக்கே இல்ல, நாம அத உள்ள நின்னு பாக்கோமா வெளிய நின்னு பாக்கோமாங்கிறதுதான். தமிழ்ல சொல்லிப் பாத்தாலே பாதி நேரம் வெட வந்துரும், 'பிடிச்சாரு'ன்னு இயல்பா வந்தா பெஸ்கோ, 'பிடிச்சுட்டு இருந்தாரு'ன்னோ 'அப்பல்லாம் பிடிப்பாரு'ன்னோ வந்தா பெஸ்காபா.

இப்ப அந்த அழுத்தம். இத நம்ம ஆளுங்க யாரும் கண்டுக்கிடவே மாட்டாங்க. பெஸ்கோன்னு மொத அசையில அழுத்தினா 'நான் பிடிக்கேன்', கடைசி ஓவுல அழுத்தினா 'அவரு பிடிச்சாரு'. எழுதும்போது ஓவுக்கு மேல ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா காலமும் மாறுது ஆளும் மாறுது. தமிழ்ல இந்த மாதிரி அழுத்தத்த வச்சு அர்த்தம் மாறுற பழக்கம் கெடையாது, அதனால ரெண்டையும் ஒரே மாதிரி தட்டையா சொல்லிட்டுப் போயிருவோம். நம்ம காதுக்கு அழுத்தம் புடிபடாது, ஆனா குறில் நெடில் நல்லா புடிபடும்லா. அத வச்சு எங்க அக்கா மவளுக்கு ஒரு குறுக்கு வழி சொல்லிக் குடுத்தேன், நிகழ்காலத்த 'பெஸ்கொ'ன்னு குறில்ல எழுது, இறந்தகாலத்த 'பெஸ்கோஓ'ன்னு இழுத்து எழுதுன்னு. நெசத்துல அது நீளம் இல்ல அழுத்தம்தான், வாத்தியாரு பாத்தா திட்டுவாரு, ஆனா அவ அதுக்கப்பறம் தப்பு விடல.

அக்கா மவ விட்ட இன்னொரு தப்பும் சொல்லணும். எல்லா வரியிலயும் 'யோ' போடுவா. யோ பெஸ்கோ, யோ கோமோ (சாப்பிடுறேன்), யோ பிபோ (வாழுறேன்). யோன்னா நான். "ஏம்ட்டீ, நீ தமிழ்ல பேசும்போது நான் சாப்பிட்டேன் நான் குளிச்சேன் நான் போனேன்னா சொல்லுவ?"ன்னு கேட்டேன். "இல்ல மாமா"ன்னு சிரிக்கா. சாப்பிட்டேன்னாலே நான்னு தெரிஞ்சுபோச்சு, அந்த 'ஏன்' வாலுதான் ஆளு யாருன்னு சொல்லுது. ஸ்பானிஷும் அச்சுல அதே மாதிரி. இங்கிலீஷ்ல ஐ வென்ட், யூ வென்ட், ஹீ வென்ட்னு எல்லாருக்கும் ஒரே வென்ட், அதனால அவங்களுக்கு ஐ கட்டாயம் வேணும். நம்ம மாவட்டத்துல இன்னொரு கொழப்பமும் இருக்கு. களியக்காவிள, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளமும் நல்லா வரும், மலையாளத்துல ஞான் போயி, அவன் போயி, அவர் போயி, எல்லாத்துக்கும் ஒரே போயி. அந்த மூளையோட வந்து உக்காந்தா யோ இல்லாம கை ஓடாது. ஸ்பானிஷ் படிக்க உக்காரும்போது மலையாளத்த வாசல்ல செருப்போட வுட்டுட்டு வாங்கன்னு கிண்டலா சொல்லுவேன், வேற நேரத்துல தாராளமா பேசுங்க.

ஆனா யோ கண்டிப்பா வேண்டிய எடமும் ஒண்ணு இருக்கு. பெஸ்காபான்னா 'அப்பல்லாம் நான் பிடிப்பேன்'னும் ஆவும், 'அப்பல்லாம் அவரு பிடிப்பாரு'ன்னும் ஆவும், ரெண்டுக்கும் ஒரே உருவம். அங்க யாருன்னு தெளிவா இல்லன்னா யோ பெஸ்காபா, எல் பெஸ்காபான்னு சொல்லத்தான் வேணும்.

தமிழ் தெரிஞ்சதாலயே விழுற குழி ஒண்ணு இருக்கு, இத எந்த கிளாஸ்லயும் சொல்லித் தரமாட்டாங்க. பெஸ்கான். இதக் கேட்டதும் நம்ம காதுக்கு வந்தான், போனான் மாதிரி ஒரு ஆளு, அதுவும் ஆம்பள. ஸ்பானிஷ்ல 'பெஸ்கான்'னா 'அவங்க பிடிக்காங்க', பல பேரு. கடைசியில ன் வந்தாலே அது பன்மை, பெஸ்கான், பெஸ்காரோன், பெஸ்காபான், பெஸ்கரான், எல்லாமே அவங்கதான். இன்னொண்ணு, இந்த வினைச்சொல்லுல ஆம்பள பொம்பள கணக்கு கெடையாது, பிடிச்சான் பிடிச்சா பிடிச்சாரு எல்லாம் ஒரே பெஸ்கோ. அதனால 'அவ பிடிச்சா'வுக்கு ஆ போட்டு 'பெஸ்கா'ன்னு முடிக்கப்படாது, அது நிகழ்காலம் ஆயிரும்.

மரியாதையிலயும் இதே கதை. 'நீங்க'ன்னு சொல்ல உஸ்தேத்னு ஒரு சொல்லு இருக்கு, நீங்கதானேன்னு 'நீ'க்கு வர்ற வால ஒட்டி உஸ்தேத் பெஸ்காஸ்னு சொல்லிருவோம். தப்பு, உஸ்தேத் பெஸ்கா, அதாவது அவருக்கு வர்ற வாலு. காரணம் என்னன்னா அந்த உஸ்தேத்தே பழைய காலத்துல 'புவேஸ்த்ரா மெர்செத்', உங்கள் தயவுன்னு அர்த்தம், அது சுருங்கிச் சுருங்கி வந்தது. நேரா நீன்னு சொல்லாம தயவ முன்னுக்கு வச்சுப் பேசியிருக்காங்க. ஓட்டல்ல நம்ம மூஞ்சிக்கு நேரா நின்னுட்டே சப்ளையரு "சார் என்ன சாப்பிடுறாரு?"ன்னு கேப்பாருல்லா, அதேதான். பல பேர நீங்கன்னு சொல்ல ஸ்பெயின்ல தனி வாலு உண்டு, பெஸ்காயிஸ்னு, லத்தீன் அமெரிக்காவுல அது பொழக்கத்துல இல்ல, அங்க உஸ்தேதெஸ் பெஸ்கான்தான். எந்த ஊருக்குப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு படிங்க, லத்தீன் அமெரிக்கா பக்கம் போற கப்பல்ல வேலைன்னா பெஸ்காயிஸ காதுல கேட்டா புரியுற அளவுக்கு வச்சுக்கிட்டா போதும்.

வருங்காலத்துல சின்னப்பிள்ளத்தனமா விடுற தப்பு, பெஸ்கார் கடைசியில வர்ற 'ஆர்'அ வெட்டிட்டு வாலு ஒட்டுறது. நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் பெஸ்கார்ல 'ஆர்'அ வெட்டி பெஸ்க்னு வச்சுக்கிட்டு வால ஒட்டிப் பழகின கை, வருங்காலத்துக்கும் வெட்டிருது. வெட்டி ஏ போட்டா பெஸ்கே, 'பிடிச்சேன்'. வெட்டாம முழுசா வச்சு ஏ போட்டா பெஸ்கரே, 'பிடிப்பேன்'. ஒரு ர தான். இதுக்கும் காரணம் இருக்கு, பழைய காலத்துல முழு வினையோட 'ஏ'ன்னு ஒரு துணைவினைய சேத்து சொல்லிச் சொல்லி ஒட்டிப்போச்சு, அதனாலதான் ஆர், ஏர், ஈர்னு முடியுற மூணு வகை வினைக்கும் வருங்கால வாலு ஒண்ணே ஒண்ணு. இது பயமா இருந்தா நம்ம ஊரு வழி இருக்கு, 'பிடிக்கப் போறேன்'. ஸ்பானிஷ்ல "போய் ஆ பெஸ்கார்", அதுலயும் முன்னால வர்றது 'போறேன்'தான், அர்த்தத்துக்கு அர்த்தம் ஒண்ணு, காதுக்குக்கூட நம்ம போய் மாதிரியே கேக்கும். நடுவுல இருக்கிற அந்த ஆவ மட்டும் முழுங்கிராதீங்க.

'பிடிச்சோம்', 'பிடிக்கோம்' ரெண்டுக்கும் பெஸ்காமோஸ்தான், ஆர் வகையிலயும் ஈர் வகையிலயும் அப்படி, கூட நேத்தா இன்னைக்கான்னு ஒரு சொல்லு சேத்துக்கிடுங்க. ஏர் வகையில மட்டும் கோமேமோஸ் 'சாப்பிடுறோம்', கோமிமோஸ் 'சாப்பிட்டோம்'னு பிரியும். அந்த நெனப்புல ஈர் வகைக்கும் பிபேமோஸ்னு சொல்லாதீங்க, பிபிமோஸ் மட்டும்தான்.

அப்பறம் 'பிடிச்சிருக்கேன்', இதுக்கு "ஏ பெஸ்காதோ". அவ பிடிச்சிருக்கா, நாங்க பிடிச்சிருக்கோம், எதுவா இருந்தாலும் பெஸ்காதோ அசையாது, முன்னாடி இருக்கிற துணைவினைதான் மாறும், ஆ பெஸ்காதோ, எமோஸ் பெஸ்காதோ. பொம்பளைக்கு 'பெஸ்காதா'ன்னு மாத்திராதீங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம், பெஸ்காதோன்னாலே மீனுதான். கடல்ல நீந்துற வரைக்கும் அது பெஸ், வலையில ஏறி சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்து ஏலத்துக்கு வந்துட்டா பெஸ்காதோ, 'பிடிபட்டது'. ஓட்டல்ல போய் பெஸ் வேணும்னு கேட்டா உசுரோட துள்ளுற ஒண்ணக் கேட்ட மாதிரி இருக்கும்.

நாகர்கோவில் கோட்டாறு கோயில் புனித சவேரியாரு இன்னைக்கு ஸ்பெயின்ல இருக்கிற நவார்ராவுல 1506-ல பிறந்தவரு, ஹாவியேர்ங்கிற ஊருப் பேருதான் நம்ம வாயில சவேரியார் ஆச்சு. அவரும் நம்ம கடற்கரையில வேதம் சொல்ல வந்து, தமிழ்ல வினைச்சொல்லு தப்பு பாத்தவருதான். 1544-ல கூட வேல பாத்தவருக்கு எழுதின கடிதத்துல, கிறிஸ்தவங்க சொல்ற விசுவாசப் பிரமாணம்ங்கிற செபத்துல 'வேணும்'னு சொல்லாதீங்க 'விசுவாசம்'னு சொல்லுங்கன்னு திருத்துறாரு. நம்புறேன்னு சொல்ல வேண்டிய எடத்துல அது வரைக்கும் கடவுள் வேணும்னு சொல்லிட்டு இருந்திருக்காங்க. டிசம்பர்ல கோட்டாறு திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நெனப்பு வரும், அக்கா மவட்டயும் சொன்னேன், "அப்ப அவரும் நம்மள மாதிரிதானா மாமா"ன்னா.

எழுதும்போது மட்டும் வர்ற தப்பு ஒண்ணு பாக்கி. காதுக்கு பெஸ்கார், பெஸ்கே ரெண்டுலயும் அதே க தான், ஆனா ஸ்பானிஷ் எழுத்துல சி-க்குப் பின்னால இ, எ வந்தா அது ஸ மாதிரி ஒலிக்கும், அதனால பெஸ்கேவுக்கு சிய எடுத்துட்டு க்யூவும் யூவும் போடணும். பகார், அதாவது காசு குடுக்கிறது, அதுக்கு பகேன்னு எழுத ஜி-க்குப் பின்னால ஒரு யூ. ரெண்டுமே ஒழுங்கான வினைதான், ஒலிய காப்பாத்த எழுத்து மாறுது, அவ்வளவே. தமிழ்ல எழுதி வச்சுப் படிச்சா இது கண்ணுலயே படாது, அதனால நான் சொன்ன குறில் நெடில் வழியெல்லாம் மொத ஒரு மாசத்துக்கு வச்சுக்கிட்டு, பொறவு நோட்ட ஸ்பானிஷ் எழுத்துக்கு மாத்திருங்க.