மணி பிளான்ட்டைத் தொங்கவிடாதீர்கள், ஏற்றிவிடுங்கள்

மணி பிளான்ட் இலை ஏன் உள்ளங்கை அளவைத் தாண்டவே மாட்டேன் என்கிறது? எங்கள் அபார்ட்மென்ட்டில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். உரம் போதவில்லை என்று நினைக்கிறார்கள். காரணம் அது இல்லை. பிரெஞ்சு பாலினேசியாவின் மொரேயா தீவிலிருந்து வந்த இந்தக் கொடி, மரத்தைப் பற்றி ஏறும் வகை. ஏற ஏறத்தான் இலை பெரிதாகும். தொங்கவிட்டால் சிறுத்துக்கொண்டே போகும். தோட்டத்தில் தென்னை மரத்தில் ஏறிய கொடியைப் பார்த்திருப்பீர்கள். இலை முறம் மாதிரி விரிந்து, ஓரம் கிழிந்திருக்கும். அதுவும் இதே செடிதான்.

நர்சரியில் தென்னை நார் சுற்றிய கம்பம் கிடைக்கும். செடி நடும்போதே தொட்டியின் அடிவரை ஊன்றிவிடுங்கள். அப்புறம் செருகினால் வேர் அறுபடும். தண்டில் ஒவ்வொரு கணுவிலும் பழுப்பாக ஒரு சின்ன முளை துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் பற்று வேர். அந்தப் பக்கம் நாரில் படும்படி தண்டைச் சாய்த்து, பழைய பருத்தித் துணியைக் கிழித்துத் தளர்வாகக் கட்டுங்கள். இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டாம். கம்பம் ஈரமாக இருந்தால்தான் வேர் உள்ளே நுழையும். காய்ந்த கம்பம் வெறும் முட்டுக்கட்டைதான். அதனால் நான் தண்ணீரைக் கம்பத்தின் உச்சியிலிருந்து மெதுவாக ஊற்றுவேன். நார் ஊறி, மிச்சம் தானாக மண்ணுக்கு இறங்கும்.

அதற்காகத் தினமும் ஊற்றக் கூடாது. விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்குத் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டாம், நாரில் மட்டும் தெளித்தால் போதும். மண் ஈரமாக இருந்தும் அடி இலைகள் வரிசையாக மஞ்சளானால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். செம்மண்ணோடு கழுவிய தேங்காய் நார்க்கழிவும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்தால் தண்ணீர் தேங்காது.

கிழக்கு ஜன்னலோரம் அருமையான இடம். மேற்கு வெயில் நேராக அடித்தால் இலை கருகும். இருட்டு மூலையில் வைத்தால் செடி சாகாது, ஆனால் மஞ்சள் வரிகள் மங்கி முழுப் பச்சையாகிவிடும்.

பாட்டிலில் வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆகவேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் வாயை எரித்து வீங்க வைக்கும்.

பூக்குமா என்று காத்திருக்க வேண்டாம். அதற்குத் தேவையான ஜிப்ரெலின் ஹார்மோன் இந்தச் செடியில் போதிய அளவு சுரப்பதில்லை.

கொடி கம்பத்தின் உச்சியைத் தாண்டியதும் நுனியை இரண்டு கணுவோடு வெட்டி, அதே தொட்டியில் கம்பத்தின் மறுபக்கம் நட்டுவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து புதுத் தளிர் கிளம்பும்.