புதுக்கோழியைப் பழைய கோழிகளோடு சேர்ப்பது எப்படி?

போன ஐப்பசியில் சந்தையில் இரண்டு வெடைக்கோழி வாங்கிவந்து, அன்று ராத்திரியே பழைய கோழிகளோடு ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டேன். பத்தே நாளில் வெள்ளைக்கழிச்சல், கோழிக்குக் கோழி பரவிக் கொல்லும் நோய். ஏழு பழைய கோழிகளில் மிஞ்சியது இரண்டு. கொத்திக்கொண்டு சாகுமோ என்றுதான் பயந்திருந்தேன், கொன்றது கழிச்சல். அதனால் சண்டைக்கு முன்னால் நோயைப் பார்ப்போம்.

1. வாங்கும்போது

கால் கட்டித் தலைகீழாகத் தொங்கும் கோழியை முதலில் நிமிர்த்திப் பிடியுங்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும், மூக்கில் சளி கூடாது. வாலைத் தூக்கினால் அடி இறகில் வெள்ளையாகவோ பச்சையாகவோ எச்சம் அப்பியிருக்கிறதா? எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். ஒற்றைக் கோழியாகவும் வாங்காதீர்கள். எல்லாக் கொத்தும் அதன் தலையிலேயே விழும். சேவல் ஏற்கெனவே இருந்தால் இன்னொன்று எதற்குங்க?

2. ஒரு மாதம் தனியாக

கட்டுத்தறிக்கு அந்தப் பக்கம், தள்ளி வையுங்கள். தீனித்தட்டு, தண்ணீர்ச்சட்டி தனி. முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு, அப்புறம் புதுசுக்குப் போங்கள். அந்தப் பக்கம் போக வேறு செருப்பு வேண்டும். எச்சம் ஒட்டிய செருப்பிலேயே கிருமி வந்துவிடும். இந்த மாதத்திலேயே கால்நடை மருந்தகத்தில் கேட்டு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டுவிடுங்கள். எட்டு வாரக் கோழிக்கு றெக்கையில் ஊசி. ஏழு நாள் குஞ்சென்றால் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து. பழைய கோழிகளுக்கு விட்டுப்போயிருந்தால் அதுகளுக்கும்.

3. வலைக்கு அந்தப்பக்கம்

புதுசுகளை வலைக்கூண்டில் விட்டு, பழையதுகள் மேயும் இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். அடுத்த தடவை நான் அப்படி வைத்தபோது, முதல் நாள் எங்கள் கருப்புப் பெட்டை கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. வலைக்கு இருபுறமும் கம்பைத் தூவினேன். நாலாம் நாள் சுற்றுவதை விட்டுவிட்டு, வலையோரம் நின்று பொறுக்க ஆரம்பித்தது.

4. திறந்துவிடுவது

பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறங்கள். சண்டை நீள்வதற்குள் இருட்டிவிடும். தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். ஓடி ஒளிய ஒரு தென்னமட்டையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். "ராத்திரில உள்ள வுட்டா விடியறப்ப ஒண்ணாயிரும் கண்ணு" என்பார் அம்முச்சி, அம்மாவின் அம்மா. முன்பே பார்த்துப் பழகிய கோழிகளுக்கு அது சரி. பழகாததுகளுக்கு விடிந்ததும்தான் சண்டையே.

5. கொத்தினால்

இரண்டு மூன்று நாள் கொத்துவது வழக்கம்தான், குறுக்கே போகாதீர்கள். ரத்தம் வந்தால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைப் பார்த்தால் மற்றதுகளும் அங்கேயே கொத்தும். காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுவோம். ஒரே கோழி விடாமல் விரட்டினால், அடிபட்டதை அல்ல, அடிப்பதைப் பிடித்து மூன்று நாள் தனியே அடையுங்கள். கருப்பியை அப்படித்தான் அடைத்தேன். திரும்பி வந்தபோது முருங்கைக் கொம்பில் அதன் இடத்தில் புதுசு ஒன்று உட்கார்ந்திருந்தது. கருப்பி பக்கத்துக் கொம்பில் போய் அடைந்துகொண்டது.