கரட்டை நம்பி முயல் வளர்க்காதீர்கள்

கொழும்புப் பக்கம் வெள்ளவத்தை, தெகிவளைத் தொடர்மாடிகளில் நாய்க்கு இடமில்லாத வீட்டுக்கு முயல் வருகிறது. குரைக்காது, நடக்கக் கூட்டிப்போகவும் வேண்டாம். ஆனால் வருத்தம் வந்தாலும் சத்தம் போடாது. மூலையில் ஒடுங்கி இருக்கும், அவ்வளவுதான்.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது குடல் வழியே நகர்ந்தபடியே இருக்கவேண்டும். நகர்த்துவது புல்லின் நார். காலையில் பாண், மத்தியானம் கரட், இரவில் பிஸ்கட் என்று போனால் மாவும் சீனியும் குடலில் புளித்து வாயு கட்டும். பல்லும் கெடும். முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும், கடைவாய்ப் பற்களும் நிற்காமல் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அவை தேயும். கரட்டைக் கடிப்பதால் அந்த வேலை நடக்காது.

கடையில் உலர்புல் விலை கட்டாவிட்டால் கினிப்புல் போதும். முயலின் உடம்பளவு கட்டு தினமும் வேண்டும். மருந்தடித்த ஓரத்திலும், நாய்கள் கழிக்கும் இடத்திலும் வெட்டாதீர்கள். ஈரப் புல்லைப் பையில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும். விரித்து ஆறவிட்டுக் கொடுங்கள். பூசண வாடை வந்தால் முழுக்கட்டையும் எறியுங்கள். பெலட் தீனி, அதாவது கடையில் விற்கும் குளிகைத் தீனி, முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். வல்லாரை, மல்லித்தழை ஒரு பிடி தரலாம். கரட் வாரத்தில் இரண்டு தரம், பெருவிரலளவு துண்டு.

புழுக்கையைத் தினமும் பாருங்கள். பெரிதாக, உருண்டையாக, நசுக்கினால் புல்துகள் தெரிந்தால் நல்லது. சிறுத்து, முடியால் கோர்த்த மணிபோல் வந்தால் புல் போதவில்லை, அல்லது முடி அதிகம் உதிர்கிறது. திராட்சைக்கொத்துபோல ஒட்டும் மென்புழுக்கையை முயல் தானே தின்னும், தடுக்கக்கூடாது. அது தரையில் மிஞ்சிக் கிடந்தால் தீனியும் இனிப்பும் கூடிவிட்டன என்று அர்த்தம்.

அடுத்த எதிரி வெக்கை. கொழும்பின் 30 பாகையே முயலுக்கு எல்லை. அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். மேற்குப் பார்த்த பல்கனியில் கூட்டை வைப்பதைவிட மோசமான இடம் இல்லை. ஃபேன் மட்டும் பெரிதாக உதவாது. ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றி அருகில் வையுங்கள். கரண்ட் போகும் நாளுக்கு இன்னொன்று ஃபிரீசரில் இருக்கட்டும். காது கொதித்து, நாடி எச்சிலில் நனைந்து, வாயால் மூச்சுவிட்டால் ஆபத்து. குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் காதைத் துடைத்தபடி வைத்தியரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே போய்விடும்.

கம்பிவலைத் தரை உள்ளங்காலைப் புண்ணாக்கும்; மேலே பலகையோ பாயோ போடுங்கள். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். நெஞ்சுக்கு ஒரு கை, பின்புறத்துக்கு ஒரு கை கொடுங்கள். பின்கால் தொங்கி உதைத்தால் முதுகெலும்பே முறியலாம்.

மருந்தில் செய்யும் தவறுக்குத்தான் மன்னிப்பே இல்லை. நாயின் உண்ணிக்கு முதுகில் விடும் ஃபிப்ரோனில் என்ற மருந்து முயலுக்கு நஞ்சு: வலிப்பு வந்து சாகலாம். பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அமொக்ஸிசிலின் பாணியும் அப்படியே. அது குடலின் நல்ல கிருமிகளைக் கொல்ல, கெட்டவை பெருகி நஞ்சு சுரக்கும். சத்திரசிகிச்சைக்கு முன் நாய், பூனைபோலப் பட்டினி போடுவதும் தவறு. வாந்தி எடுக்காத பிராணிக்கு அது தேவையில்லை, குடல்தான் நின்றுபோகும்.

12 மணித்தியாலம் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். முயலைப் பார்த்துப் பழகிய மிருக வைத்தியரின் இலக்கத்தை இன்றே குறித்து வையுங்கள். நண்பகல் ஓட்டோவில் கொண்டுபோவதானால் பெட்டிக்குள் துணி சுற்றிய ஐஸ் போத்தலும், ஒரு பிடி புல்லும், அன்றைய புழுக்கை நாலைந்தும் கூடப் போகட்டும். வைத்தியர் புழுக்கையைத்தான் முதலில் கேட்பார்.